கரிச்சான் இடிச்ச அவல்

ஏலே குட்டி, காலை ஆட்டாமப் படு. போர்வைய இழுத்துக்க. இன்னைக்கு ஒரு சிரிப்புக் கதை. கேட்டுட்டு வயிறு நோவுதுன்னு அம்மாகிட்டப் போயி கோள் சொல்லக் கூடாது. ஆனா ஒண்ணு, சிரிப்பு முன்னாடி வராது. கடைசிலதான் வரும். அதுக்குள்ள தூங்குனவனுக்குச் சிரிப்பு கிடையாது. ம் கொட்டிக்கிட்டே கேக்கணும். ம் நின்னா கதையும் நின்னுரும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு அவல் இடிக்கிற வீடு இருந்துச்சு. முன்பக்கம் கடை, பின்பக்கம் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால வாய்க்கா. கடையில ஆவுடை ஆச்சி உக்காந்திருப்பா. கொட்டகையில அவ மருமக பூங்கனி நிப்பா. பூங்கனிக்கு ஒரு புருசனும் உண்டு. அவன் அவல் மூட்டையத் தூக்கிக்கிட்டு சந்தை சந்தையாப் போவான், வந்தா சாப்பிடுவான், தூங்குவான், மறுபடியும் போயிருவான். இந்தக் கதையில அவனுக்கு அம்புட்டுதான் வேலை.

ஆச்சிக்கு ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்துபோச்சு. எதுக்க யானை வந்து நின்னாலும் தெரியாது. ஆனா காது இருக்கே, காது! தெருவுல ஒருத்தன் நடந்து போனா, "போறது தச்சன், இடது செருப்புல வாரு அறுந்திருக்கு"ன்னு சொல்லிருவா. அப்படிப்பட்ட காது.

அந்தக் காத ரெண்டையும் கொட்டகைப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டுத்தான் அவ கடையில உக்காந்திருப்பா.

பூங்கனி கோழி கூப்பிடும்போதே எந்திரிக்கணும். ஊறின நெல்லை வடிச்சு, சட்டியில போட்டு, பொருபொருன்னு பொரியற வரைக்கும் வறுக்கணும். சூடு ஆறுமுன்னே உரல்ல கொட்டணும். உலக்கையத் தூக்கணும். தொம்... உஸ். தொம்... உஸ். தொம்னா உலக்கை. உஸ்ஸுன்னா பூங்கனி. எங்க, நீ சொல்லு?

"தொம்... உஸ்."

ஆங். அப்போ நெத்தியில வேர்வை வழியும். வழிஞ்சு கண்ணுக்குள்ள போவும். கரிக்கும். அவ ஒரு கைய எடுத்துத் தொடைப்பா. ஒரே ஒரு தொம் தவறிப்போவும். உடனே கடையில இருந்து, மூக்கால:

"ஏட்டீ...! சத்தத்தக் காணோம்?"

"வேர்வையத் தொடச்சேன் அத்தே."

"சத்தத்தோட தொட!"

சத்தத்தோட எப்படித் தொடைக்க? உலக்கையால நெத்தியத் தொடைக்கவா? பூங்கனி மறுபடியும் உலக்கையத் தூக்குவா. தொம்... உஸ்.

கல்யாணம் ஆகி வந்த புதுசுல அவ ஒருநா வேலைய வேகமா முடிச்சிட்டா. வறுத்ததெல்லாம் இடிச்சாச்சு. உலக்கையச் சுவத்துல சாத்திட்டு முந்தானையால விசிறிக்கிட்டு நின்னா.

"ஏட்டீ...! சத்தத்தக் காணோம்?"

"முடிஞ்சிட்டு அத்தே."

"முடிஞ்சா என்ன? இடி."

"நெல்லு இல்லியே அத்தே."

"நெல்லு இல்லேன்னா என்ன, கை இருக்குல்லா? சத்தம் கேட்டாத்தான் வீட்ல ஆளு இருக்குன்னு அர்த்தம். சத்தம் இல்லாத வீடும் சுடுகாடும் ஒண்ணு. இடி!"

அப்போ பூங்கனி வெறும் உரல இடிச்சா. டங், டங்குன்னு மரத்துல மரம் அடிச்சுச்சு. அந்தக் காது விடுமா? "யாரை ஏமாத்துத? வெறும் உரல்ல மணி அடிக்கியோ?"ன்னு கேட்டுட்டா. அப்புறம் பூங்கனி ஒரு கூடை உமிய அள்ளிப் போட்டு இடிச்சா. தொம்... உஸ். கிழவி, "அது!"ன்னு சொல்லிட்டு வெத்தலையப் போட்டுக்கிட்டா.

அன்னைல இருந்து அதுதான் வழக்கம். நெல்லு இருந்தா நெல்லு. நெல்லு இல்லேன்னா உமி. மத்தியானம் சொளகுல புடைக்கணும், புடைச்சு முடிஞ்சாலும் உமியப் போட்டுப் புடைக்கணும். சாயங்காலம் சல்லடையில சலிக்கணும், சலிச்சு முடிஞ்சாலும் தவிட்டப் போட்டுச் சலிக்கணும். யாருக்கும் ஆகாத வேலை. அவ காதுக்கு மட்டும் ஆகும்.

யாராச்சும் உள்ள வந்து பாத்து, "எதுக்குட்டி உமிய இடிக்க?"ன்னு கேட்டிருக்கலாம். ஆனா வர மாட்டாங்க. அந்த ஊர்ல அவல் இடிக்கும்போது வெளியாளு எட்டிப் பாக்கக் கூடாது. கண்ணு பட்டா அவல் நொறுங்கித் தூளாப் போயிரும்னு ஒரு பேச்சு. கடைக்கு வாரவங்க கடையோட நின்னு, சத்தத்தக் கேட்டுட்டு, அவல வாங்கிட்டுப் போயிருவாங்க.

சிரிப்பு எங்கன்னு கேக்கியா? வரும்ல. இப்பத்தானே உலக்கையத் தூக்கியிருக்கோம்.

ஒருநா பூங்கனி உமிய இடிச்சுக்கிட்டே இருந்தா. இடுப்பு விட்டுப்போச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. உலக்கை கையை விட்டு நழுவி, உமி மேல பொத்துன்னு சாஞ்சுச்சு. அவ்வளவுதான், இப்பக் கத்தப் போறான்னு பூங்கனி கண்ண இறுக்கி மூடிக்கிட்டா.

தொம்... உஸ். தொம்... உஸ்.

கை நின்னுபோச்சு. சத்தம் நிக்கல!

மெல்ல ஒரு கண்ணத் தொறந்து பாத்தா. கொட்டகைக் கூரையில நீட்டிக்கிட்டிருந்த மூங்கில் முனையில ஒரு கரிச்சான் குருவி உக்காந்திருக்கு. கன்னங்கரேல்னு உடம்பு, ரெண்டாப் பிரிஞ்ச வாலு. அது தொண்டையத் தூக்கித் தூக்கி, தொம்ங்குது. உஸ்ங்குது. பூங்கனி மூச்சு எப்படி இழுக்குமோ அப்படியே இழுக்குது.

"நீயா?"ன்னா பூங்கனி.

"நாந்தான். எத்தன நாளா இங்கன உக்காந்து கேக்குதேன், எனக்கு வராதாக்கும்?"ன்னு கரிச்சான் கேட்டுச்சு.

கரிச்சான் பேசுமான்னா? கதையில பேசும். நீ ம் கொட்டு.

"ம்."

அப்புறம் ரெண்டுபேரும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. பூங்கனி உமிக் குவியலக் கிளறி விடணும். அதுல இருந்து பூச்சி பறக்கும். கரிச்சான் பூச்சியப் பிடிச்சுத் தின்னணும். அதுக்குக் கூலியா, நெசமான வேலை முடிஞ்ச பிறகு வெட்டிச் சத்தம் அத்தனையும் கரிச்சான் போடணும்.

"எப்ப நிறுத்தணும்?"னு கரிச்சான் கேட்டுச்சு.

"நான் எந்திரிச்சு ரெண்டு கையும் சேத்து ஒரு தட்டுத் தட்டுவேன். அப்ப நிறுத்து."

"அதுக்கு முன்னாடி நிறுத்துன்னு சொன்னா?"

பூங்கனி யோசிச்சா. எத்தன நா கனவுல கூட, "இந்தா வாரேன் அத்தே, இந்தா இடிக்கேன் அத்தே"ன்னு அவ எந்திரிச்சு உக்காந்திருக்கா. "வாயால என்ன சொன்னாலும் நம்பாத. அது தூக்கத்துல உளறுத வாயி. கை தட்டுனாத்தான் நிறுத்தணும்"னா.

கரிச்சான் வாலை ஒரு ஆட்டு ஆட்டிச் சத்தியம் பண்ணுச்சு. சத்தியம்னா சத்தியம். அது மனுசன் இல்ல பாரு.

மறுநா காலையில இடிச்சு முடிச்சதும் கரிச்சான் ஆரம்பிச்சுச்சு. பூங்கனி சாக்க விரிச்சுப் படுத்தா. ஓய்வுன்னா படுக்கணும், வேற என்ன, அப்படித்தான் அவளுக்குத் தெரியும். ஆனா படுத்தா, கண்ணு மூடல. ரத்தமெல்லாம் குபுகுபுன்னு ஓடுது. காலு ரெண்டும் துறுதுறுங்குது. இந்தப் பக்கம் பொரண்டா, அந்தப் பக்கம் பொரண்டா, கொதிக்கிற உலைய மூடிபோட்டு அமுக்குன மாதிரி இருக்கு. எந்திரிக்கும்போது படுக்கப் போனத விட அசதி.

"என்ன பிள்ளே, படுத்து எந்திரிச்ச மூஞ்சியா இது?"ன்னு கரிச்சான் கேட்டுச்சு.

"தூக்கம் வரலல்லா."

"அப்பப் படுக்காத. உடம்புதான் ஓடணும்னு கேக்கே, ஓடு!"

அவ ஓடுனா. கொட்டகையத் தாண்டி, உமிக் குவியலத் தாண்டி, வாய்க்காக் கரையில இருந்து ஒரே பாச்சல். தொபுக்கடீர்! முங்குனா. எழும்புனா. எதிர்நீச்சல் போட்டா. சின்னப்பிள்ளையில அவ ஊருல ஆத்துல அடிச்ச நீச்சல், கை மறக்கல. அந்த உடம்பு கோழி கூப்பிட்டதுல இருந்து குனிஞ்சு நிமிந்து ஒரே மாதிரி ஆடுன உடம்பு, தண்ணிக்குள்ள போனதும் இஷ்டத்துக்கு வளைஞ்சுச்சு. கரைக்கு வந்து, முடியப் பிழிஞ்சு, கை தட்டுனா. பட்! கரிச்சான் நிறுத்துச்சு. அன்னைக்கு மத்தியானக் கஞ்சி வரைக்கும் அவளுக்கு அலுப்பே தெரியல.

மத்தியானம் கஞ்சி குடிச்சு, சொளகெடுத்துப் புடைச்சா. சளப் சளப் சொய்ங்... சளப் சளப் சொய்ங்... கரிச்சான் அந்தச் சத்தத்தையும் படிச்சுக்கிட்டுச்சு. பூங்கனிக்குச் சந்தோசம் தாங்கல. ஓய்வு எடுக்கிற வித்தைதான் தெரிஞ்சுபோச்சே! வெயில் மண்டையப் பிளக்கு. ஓடுனா, பாஞ்சா. தொபுக்கடீர்!

ஆனா கை கால் ரெண்டும் ஈயக்குண்டு மாதிரி உள்ள இழுக்கு. எழும்பப் பாத்தா எழும்ப முடியல. களக், களக்குன்னு தண்ணி குடிச்சுட்டா. கரையில தாழம்புதர்ல ஒரு வேரு நீட்டிக்கிட்டிருந்துச்சு, அது கையில சிக்குனது அவ நல்ல காலம். கையெல்லாம் கீறி, இருமிக்கிட்டே கரையேறுனா.

"காலையில இருந்த ஆளா நீ இப்ப?"ன்னு கரிச்சான் திட்டுச்சு. "காலையில உடம்பு ஓடணும்னுச்சு. இப்ப என்ன சொல்லுதுன்னு கேக்காமயே பாஞ்சியே! போ, போயி விழு."

புங்கமரத்து நெழல்ல போயி விழுந்தா. விழுந்ததுதான் தெரியும், அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம். புங்கம்பூ ஒவ்வொண்ணா உதுந்து மூஞ்சியில கிடந்துச்சு. அதுகூடத் தெரியல.

ம் எங்க?

"ம்... அக்கா, சிரிப்பு?"

வருது வருது, வாய்க்கா வரைக்கும் வந்துட்டு. இன்னும் கொஞ்சம்.

அப்புறம் சாயங்காலம். சல்லடை சத்தம். சிலுசிலு, சிலுசிலு. கரிச்சான் அதையும் படிச்சுக்கிட்டுச்சு. இந்தத் தடவ பூங்கனி அவசரப்படல. வாய்க்காவப் பாத்தா, தண்ணி கறுத்துக் கிடந்துச்சு, வேண்டாம்னு தோணுச்சு. படுத்துப் பாத்தா, தூக்கம் வரல, நினைப்பு வந்துச்சு. அம்மா வீட்டு முத்தத்துல இப்ப கோழி அடையும். தங்கச்சி அதைக் கவுத்துப் போட்ட கூடைக்குள்ள விரட்டுவா. அந்தக் கூடை நினைப்பு வந்ததும் அழுகை வந்துச்சு. அழுது எந்திரிச்சா அலுப்பு இன்னும் கூடுது. நீச்சலும் ஆகல, தூக்கமும் ஆகல. இந்த நேரத்து அசதி உடம்புல இல்ல, அதுக்கும் உள்ள எங்கயோ இருக்கு.

சும்மா உமிக் குவியல் மேல உக்காந்தா. உக்காந்து, என்னமோ தோணிப்போயி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா,

"ஏட்டீ...! சத்தத்தக் காணோம்?"னா.

கரிச்சான் சல்லடையச் சட்டுன்னு விட்டுட்டு, "சத்தத்தோட தொட!"ன்னுச்சு. அச்சு அசல் கிழவி. வெத்தலை மெல்லுற சத்தத்தோட!

பூங்கனிக்கு அடிவயித்துல இருந்து வந்துச்சு. களுக். களுக் களுக். கெக்கெக்கே... முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டா. திணிச்சும் நிக்கல. அந்த வீட்டுக்கு வந்து அவ சிரிச்ச மொதச் சிரிப்பு அது. ஆச்சி காதுல விழுந்துறக் கூடாதேன்னு முந்தானைக்குள்ளயே சிரிச்சு, கண்ணுல தண்ணி வந்து, பெருமூச்சு விட்டு, உமிக் குவியல்ல மல்லாந்தா. உள்ள இருந்த அசதி போயிருந்துச்சு.

அன்னைல இருந்து சாயங்காலம்னா அதுதான். அவ ஒருநா தச்சன் மாதிரிப் பேசுவா, ஒருநா புருசன் குறட்டை விடுற மாதிரி விடுவா, கரிச்சான் திருப்பிப் பேசும், திருப்பிக் குறட்டை விடும். அவ சிரிப்பா.

என்னலே முழிக்க? நீ சிரிக்க வேண்டிய சிரிப்பு இது இல்ல. இது அவ சிரிப்பு. நம்ம சிரிப்பு இன்னும் வரல.

அப்புறம் கொஞ்ச காலம் நல்லாப் போச்சு. காலையில நீச்சல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் சிரிப்பு. பூங்கனி மூஞ்சியில ஒரு பளபளப்பு. இடிக்கிற அவலும் பூ மாதிரி விழுந்துச்சு. ஆச்சி கடைக்கு வாரவங்ககிட்டயெல்லாம், "இப்பத்தான் எம்மருமக வழிக்கு வந்திருக்கா. கேளு, சத்தத்தக் கேளு, ஒரு துளி விட்டுப்போவுதா?"ன்னு பெருமையடிப்பா.

அவங்களும் கேட்டுட்டு, "கொடுத்து வச்சவ ஆச்சி நீ"ம்பாங்க.

அப்போ கார்த்தி மாசம் வந்துச்சு. திருக்கார்த்தின்னா எல்லா வீட்லயும் பொரியும் அவலும் வேணும்லா? வேலை ரெண்டு மடங்காச்சு. புருசன் மூட்டைய வண்டியில ஏத்திக்கிட்டு வெளியூருக்குப் போனான். அடைமழை. வாய்க்காயில செம்மண் கலங்கலாப் புதுத்தண்ணி வந்துச்சு. கொட்டகை ஒழுகுச்சு. பூங்கனி நனைஞ்ச சீலையோட வறுத்தா, நனைஞ்ச சீலையோட இடிச்சா. அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு.

அவ கடையில கஞ்சி கொண்டுபோயி வைக்கும்போது சொன்னா. "அத்தே, மேலுக்கு முடியல."

"முடியலியா? காலையில இருந்து உலக்கை விழுந்த சத்தம் எனக்குக் கேக்கல்லியா? முடியாதவ இடிக்கிற இடியா அது? நடிக்காதட்டி."

பூங்கனி நின்னா. அதுல பாதி நான் இடிச்சதில்ல அத்தேன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா கரிச்சான் போச்சு. நீச்சல் போச்சு, தூக்கம் போச்சு, சிரிப்பு போச்சு. முழுங்கிட்டுத் திரும்பிட்டா.

காய்ச்சல்ல கிடந்துக்கிட்டு அவ தனக்குத் தெரிஞ்ச மூணு ஓய்வையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா. தண்ணியில காலை வச்சா, பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்கிட்டுச்சு. சாக்குல படுத்தா, உடம்பு வறுசட்டி மாதிரிக் கொதிச்சுச்சு. கரிச்சான் அவளைச் சிரிக்க வைக்கணும்னு கிழவி மாதிரி, தச்சன் மாதிரி, குறட்டை மாதிரி எல்லாம் பேசிப் பாத்துச்சு. அவளுக்குச் சிரிப்பு வரல, இருமல் வந்துச்சு.

இது வேற அசதி. இதுக்கு ஒருத்தரு வந்து நெத்தியில கை வைக்கணும். ஒரு வா வெந்நி குடுத்து, "படு, நான் பாத்துக்கிடுதேன்"னு சொல்லணும். தனியா எடுத்துக்க முடியாத ஓய்வு. இது அவளுக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

மறுநா அவளால எந்திரிக்க முடியல. கண்ண மட்டும் காட்டுனா. கரிச்சான் புரிஞ்சுக்கிட்டு, வறுக்குற சத்தத்துல இருந்து எல்லாத்தையும் தானே ஆரம்பிச்சுச்சு. பொருபொரு. தொம்... உஸ்.

"ஏட்டீ, கஞ்சி எங்க?"ன்னு ஆச்சி கத்துனா. தொம்... உஸ். "வேலை மும்முரமாக்கும்"னு சொல்லிக்கிட்டு, பக்கத்துல பானையில இருந்த அவல ஒரு பிடி அள்ளி, தண்ணிய ஊத்தி, வெல்லத்தக் கடிச்சுக்கிட்டுத் தின்னா. பூங்கனி நல்லா இருந்தப்ப இடிச்ச அவல். மெத்து மெத்துன்னு இருந்துச்சு.

இங்க கொட்டகையில பூங்கனிக்கு நாக்கு வறண்டுச்சு. தண்ணிப் பானை அந்தக் கோடியில இருக்கு. அப்போ அவளுக்கு ஒரு எண்ணம் வந்துச்சு. சத்தம் நின்னா அத்தை கத்துவா. கத்தியும் சத்தம் வரலேன்னா எந்திரிச்சு வருவா. திட்டத்தான் வருவா. வரட்டும். திட்டிக்கிட்டே வந்தாலும் வந்துருவாள்லா? வந்து தொட்டுப் பாத்தாத் தெரிஞ்சுருமே!

அந்தச் சத்தம் மட்டும் நிக்கணும்.

"கரிச்சான், நிறுத்து"ன்னா.

கரிச்சான் கீழ பாத்துச்சு. "தூங்கு பிள்ளே. நீதான் சொன்னியே, வாயால என்ன சொன்னாலும் நம்பாதன்னு. உளறாமத் தூங்கு. நான் இருக்கேன்லா." தொம்... உஸ்.

அவ அத்தேன்னு கூப்பிட்டுப் பாத்தா. அவ குரலு அந்த உஸ்ஸு அளவுகூட இல்ல. தொம்முக்கு அடியில போயி நசுங்கிப்போச்சு.

அப்புறம் ஒரு பிடி உமிய அள்ளி அது மேல எறிஞ்சா. உமி பறந்துச்சு, உமிக்குள்ள இருந்து பூச்சி பறந்துச்சு. கரிச்சான், "இந்த நெலமையிலயும் எனக்குக் கூலி குடுக்கியே!"ன்னு உருகிப்போச்சு. இன்னும் பலமா இடிச்சுச்சு. தொம்! உஸ்! தொம்! உஸ்!

அப்புறம் கை தட்டப் பாத்தா. வலது கையத் தூக்குனா, தூக்குன கை ஆடிக்கிட்டே நின்னுச்சு. இடது கையத் தேடுனா, அது எங்கயோ தூரத்துல இருந்த மாதிரி இருந்துச்சு. கொண்டுவந்தா, கொண்டுவந்தா, ஒரு விரக்கடைதான் பாக்கி. வலது கை பொத்துன்னு கீழ விழுந்துச்சு.

ரெண்டு கையும் சேரல.

கூரை ஒழுகி ஒரு சொட்டு அவ உதட்டுல விழுந்துச்சு. அந்த ஒரு வா தண்ணிதான் அவளுக்குக் கிடைச்சுச்சு. பாவம் அந்தக் கரிச்சான், அவ மூஞ்சியப் பாத்து, இப்பத்தான் நல்லாத் தூங்குதான்னு நினைச்சுக்கிட்டுச்சு.

என்னலே, ம் சொல்ல மாட்டேங்க?

"அக்கா... செத்துப்போயிட்டாளா?"

ம்.

மத்தியானம் ஆச்சு. கரிச்சான் சொளகெடுத்துச்சு. சளப் சளப் சொய்ங். கடைக்கு ஒருத்தி வந்து, "கார்த்தி வேலை தூள் பறக்கு போல ஆச்சி"ன்னா. "பின்னே? எம்மருமகளாக்கும்"னா ஆச்சி. சாயங்காலம் ஆச்சு. சிலுசிலு, சிலுசிலு. தெருவுல ஒவ்வொரு வீடா விளக்கு ஏத்துனாங்க.

அப்போ கரிச்சானுக்கு ஒரு யோசனை வந்துச்சு. இது அவ சிரிக்கிற நேரமாச்சே! அவதான் தூங்குதாளே, அவளுக்குப் பதிலா இடிக்கேன், புடைக்கேன், சலிக்கேன், அவளுக்குப் பதிலாச் சிரிக்கவும் செஞ்சா என்ன? அது தொண்டையத் தூக்குச்சு. சிரிச்சுச்சு.

களுக். களுக் களுக். கெக்கெக்கே...

முந்தானை இல்லாத சிரிப்பு. வாய் விட்டு, வீடே கேக்குற மாதிரி.

இதான் நான் சொன்ன சிரிப்பு. வந்துட்டு. சிரிக்கலியா நீ?

"..."

சரி. கேளு.

ஆவுடை ஆச்சிக்கு ஊரு செருப்பெல்லாம் அத்துப்படி. ஆனா இது யாரு சிரிப்புன்னு தெரியல. தன் வீட்டுக் கொட்டகையில, தன் மருமக சிரிப்பு, அவ கேட்டதே இல்லியே.

"எவட்டி அங்க சிரிக்கது? வேலை நேரத்துல எவளைக் கூட்டி வச்சுக் கெக்கலி கொட்டுத?"

களுக் களுக். ஆச்சி கத்துனதும் கரிச்சான் சல்லடைய விட்டுட்டு உலக்கைச் சத்தத்துக்கு மாறிச்சு. தொம்... உஸ்.

ஆச்சிக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. எந்திரிச்சா. சுவத்தப் பிடிச்சுக்கிட்டு, தட்டுத் தடுமாறி, கொட்டகைக்குள்ள வந்தா. எத்தன வருசத்துக்கப்புறம் வாரா! சத்தம் நேர் எதுக்க கேக்கு. தொம்... உஸ். தொம்... உஸ். இடிக்கிற உலக்கைய அப்படியே பிடிச்சு நிறுத்தணும்னு கைய நீட்டுனா. கையில ஒண்ணும் தட்டுப்படல. அங்கயும் இங்கயும் துழாவுனா. உலக்கை சுவத்துல சாஞ்சு கிடந்துச்சு. அசையாம. அதுல ஒட்டடை கையோட வந்துச்சு.

தொம்... உஸ்.

உரலுக்குள்ள கைய விட்டா. உமி. அதுவும் சில்லுன்னு ஆறிக் கிடந்துச்சு. அடுப்புல கைய வச்சா. ஈரச் சாம்பல்.

தொம்... உஸ். சத்தம் இருக்கு. தலைக்கு மேல இருக்கு. இடிக்கிற கையக் காணோம்.

"பூங்கனி"ன்னா ஆச்சி. அந்தப் பேரு அவளுக்குத் தெரியும்ங்கறதே ஊருக்குத் தெரியாது.

ஒரு எட்டு எடுத்து வச்சா. காலுல என்னமோ இடிச்சுச்சு. குனிஞ்சு உக்காந்து தொட்டா. சீலை. சீலைக்குள்ள தோளு. தோளுக்கு மேல கன்னம். கன்னம் உரல விடச் சில்லுன்னு இருந்துச்சு. உதட்டுல விரல வச்சா. உஸ்ஸு தலைக்கு மேல கேக்கு, விரல்ல மூச்சு படல.

அப்பத்தான் அந்தக் காதுக்கு எல்லாம் வெளங்குச்சு.

"அய்யோ!"ன்னு ரெண்டு கையையும் ஓங்கி ஒண்ணோட ஒண்ணு அறைஞ்சுக்கிட்டா.

பட்!

கரிச்சான் அதுக்காகத்தானே காலையில இருந்து காத்துக்கிட்டிருந்துச்சு. சட்டுன்னு நிறுத்துச்சு.

சத்தம் அடங்கிச்சு, கதையும் அடங்கிச்சு. கண்ண மூடு குட்டி, விளக்க அமத்துதேன்.